சர்டிபிகேட் இருக்கு, அனுபவம் இருக்கா?

"லோயர் முடிச்சாச்சா? ஹையர் எப்போ?"

எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்தால் பெரியவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர். கூடவே ஷார்ட்ஹேண்டும் இருந்தால் அவன் பாதி உத்தியோகஸ்தன்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. என் மைத்துனரின் பேரன் ஒருவன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். நெட்வொர்க் படிப்புக்கு ஒன்று, கிளவுடுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஒன்று என்று மூன்று சர்டிபிகேட்டும் வாங்கி ஃபைலில் அடுக்கி வைத்திருக்கிறான். எங்கே போனாலும், "எத்தனை வருஷ அனுபவம்?" என்கிறார்களாம். "வேலை கொடுத்தால்தானே தாத்தா அனுபவம் வரும்?" என்று கேட்டான். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்தக் கதை. இந்தச் சிக்கல் கம்ப்யூட்டரோடு பிறந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று யோசித்துப் பார்த்ததில் எழுதியது இது.

முதலில் டைப்ரைட்டிங்கையே எடுத்துக்கொள்வோம். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். அங்கே 'ப்ரெவே' தேறினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். 1954 நவம்பரில் ஆட்சி கை மாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இணைப்பு முடிந்த பிறகு, அந்த ப்ரெவேயை வைத்துக்கொண்டு மதராஸ் பக்கம் வேலை தேடினால் "இது என்ன சார் பாஷை?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். பிரெஞ்சு மெஷினில் க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். அதில் பழகிய என் சுண்டு விரல் ஆறு மாதம் வரை 'ஏ' அடிக்கப் போய் 'க்யூ' அடித்தது. அது கிடக்கட்டும்.

சொல்ல வந்தது இதுதான். டைப்ரைட்டிங் பரீட்சையில் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. மணி அடித்ததும் அடிக்க வேண்டும், மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். தப்புகளை எண்ணி மார்க்கைக் கழிப்பார்கள். பரீட்சையில் செய்வதும் ஆபீசில் செய்யப்போவதும் ஒரே வேலை. ஆகவே அந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்த எந்த ஹெட்கிளார்க்கும் "அனுபவம் உண்டா?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாளே ஒரு டிராஃப்டைக் கையில் கொடுத்து மூன்று கார்பன் வைத்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம்.

சர்டிபிகேட்டில் குறை இல்லை. குறை நாற்காலியில்தான். இருப்பது பத்து நாற்காலி, லோயர் முடித்தவர்கள் ஆயிரம் பேர். அதற்காகத்தான் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வரிசை. 1959ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசு அலுவலகங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலி இடங்களை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தெரிவித்தால் போதுமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, அட்டை நைந்து, கடைசியில் அட்டைக்காரருக்கே நரை விழுந்த கதைகள் நம் தெருவில் எத்தனை!

இனி நம் சிவகாசிக்கு வருவோம். இங்கே எல்லாம் தலைகீழ். சர்டிபிகேட் என்ற பேச்சே கிடையாது, அனுபவம் மட்டும்தான். இந்த ஊரின் தொழில் வரலாறு தொடங்கியதே அப்படித்தான். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். திரும்பி வரும்போது கையில் காகிதம் ஒன்றும் இல்லை. மருந்து கலக்கும் பக்குவம் கையிலும் தலையிலும் இருந்தது. அதிலிருந்து தீப்பெட்டி, தீப்பெட்டியிலிருந்து வெடி, இரண்டுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம். மூன்று தொழிலிலும் ஆள் எடுத்த முறை ஒன்றுதான். "நம்ம பய, பார்த்துக்கிடுங்க" என்று ஒருவர் கொண்டுவந்து விடுவார். பையன் லித்தோ மெஷின் பக்கத்தில் நின்று பேப்பர் அடுக்குவான், மை துடைப்பான். இரண்டு வருஷம் கழித்து மெஷினைத் தொட விடுவார்கள். விருதுநகர்ப் பேட்டைக் கடைகளிலும் இதே கதைதான். காமராஜரே பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மாமா ஜவுளிக்கடையில்தானே உட்கார்ந்தார்!

இந்த முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. பையன் செய்யும் முதல் தப்புகளின் நஷ்டத்தை முதலாளி ஏற்றுக்கொள்கிறார். இரண்டு ரீம் பேப்பர் வீணாகும், ஒரு கணக்கு குழம்பும். அழைத்துவந்தவர் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்வார். பெரிய குறையும் உண்டு. கொண்டுவந்து விட ஆள் இல்லாதவனுக்கு, சாதியோ சொந்தமோ பழக்கமோ இல்லாதவனுக்கு, அந்தக் கதவு திறக்காது. வெளியூர்க்காரனான எனக்கு அது நன்றாகவே தெரியும். சர்டிபிகேட் என்ற ஒன்று வந்ததே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். பெயர் தெரியாத பரீட்சகர், முகம் தெரியாத பையனுக்குக் கொடுக்கும் ஜாமீன் அது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள். 1911இல் அவர்கள் ஒரு தொழில் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்தார்கள். 1919இல், முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, ஆஸ்தியே என்ற செனட்டர் பெயரில் ஒரு சட்டம் வந்தது. பட்டறையில் வேலை செய்யும் பையன் வேலை நேரத்திலேயே வகுப்புக்கும் போக வேண்டும் என்பது அதன் சாரம். தச்சனோ கொல்லனோ, பரீட்சையில் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். இன்றும் அங்கே படிக்கும் பிள்ளை ஒரு நிறுவனத்தில் சில மாதம் இருந்து பழகுவதற்கு 'ஸ்தாஜ்' என்று பெயர். இன்டர்ன்ஷிப் என்று நம் பிள்ளைகள் இப்போது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் காதில் விழுகிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961இல் அப்ரென்டிஸ் சட்டம் வந்தது. ஃபிட்டர், டர்னர், வயர்மேன் என்று ஐ.டி.ஐ. பிள்ளைகள் மில்லிலும் ரயில்வேயிலும் தொழில் பழகுநராகச் சேர்ந்து கரை ஏறினார்கள். 1973இல் திருத்தம் செய்து இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் என்ற ஒன்று நம் ஊருக்கு வந்தபோது, அது இந்தப் பாதை எதிலும் வரவில்லை.

அது கடை வழியாக வந்தது. நான் கேலிக்காகச் சொல்லவில்லை. டி.சி.எஸ். 1968இலேயே தொடங்கிவிட்டது. நம் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த சிவ் நாடார், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, வடக்கே வேலை பார்த்து, பிறகு நண்பர்களோடு 1976இல் எச்.சி.எல்.லை ஆரம்பித்தார். இந்தத் தொழிலை ஆரம்பித்தவரும் முதலில் வேறு எங்கேயோ சம்பளத்துக்கு இருந்து தொழிலைப் பார்த்தவர்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் விருதுநகர் மாவட்டத்து ஜனங்கள் கம்ப்யூட்டர் என்ற பெயரைப் பரவலாகக் கேட்டது கம்பெனிகளால் அல்ல, பயிற்சி நிலையங்களால். என்.ஐ.ஐ.டி. 1981, ஆப்டெக் 1986. அதைப் பார்த்து எத்தனையோ பெயரில் எத்தனையோ நிலையங்கள். 1990களின் பின்பாதியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடி எதுவானாலும் அதில் ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு ஏ.சி., வெளியே குவியலாகச் செருப்பு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர்களே இரண்டு மெஷினை ஓரம் கட்டிவிட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் இங்கே ஒரு தகப்பனுக்கு இருந்த வேகத்தை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். 1996 டிசம்பரில் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகளை வைத்து வேலை வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன காலம். தான் மருந்து அறையில் நின்று கை மஞ்சளாகி, இருமலோடு வாழ்ந்தாகிவிட்டது, பிள்ளையாவது ஏ.சி. ரூமில் உட்காரட்டும் என்ற நினைப்பு. மெப்கோ இன்ஜினியரிங் காலேஜ் 1984இல் வந்ததே. மெப்கோ என்பது மெட்டல் பவுடர் கம்பெனி என்பதன் சுருக்கம். மத்தாப்பு பளீரென்று எரிவதற்குப் போடும் அலுமினியப் பொடி செய்யும் கம்பெனி. அந்தப் பொடியின் பெயரிலேயே நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்தார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள், கட்டணம் கட்ட முடியாதவர்கள், மாடிப்படி ஏறினார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர். வெடி ஆலையில் கணக்கப்பிள்ளை. 1999இல் மனைவியின் வளையலை அடகு வைத்து மகனை ஒரு நிலையத்தில் சேர்த்தார். பெயர் வேண்டாம், அந்த நிலையம் இப்போது இல்லை. 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று நோட்டீஸில் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி சர்டிபிகேட் பரீட்சைக்கு டாலரில் ஃபீஸ். பையன் நல்ல கெட்டிக்காரன், ஒரே தடவையில் பாஸ் செய்தான். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து பூஜை அறையில் வைத்தார்கள். 2000 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்தன. ஒய்டூகே வேலையும் அதற்குள் முடிந்து போயிருந்தது. மறு வருஷம் செப்டம்பரில் நியூயார்க் சம்பவம். அனுபவஸ்தர்களே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது இவனை யார் கூப்பிடுவார்கள்? மெட்ராஸில் மேன்ஷனில் எட்டு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அவர் அந்த வளையலை மீட்க நாலு தீபாவளி ஆனது.

பையனின் கெட்ட நேரம் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்தச் சர்டிபிகேட்டின் தன்மையில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட், நாவெல், சிஸ்கோ எல்லாம் தங்கள் சரக்கை ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதற்காக ஆரம்பித்தவை இவை. அன்று அவற்றில் பெரும்பாலானவை நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைகள். பழைய கேள்விகளை எங்கிருந்தோ எடுத்து உருப்போட்டவனும் பாஸ், ராத்திரி பகலாக மெஷினைக் கழற்றி மாட்டிக் கற்றவனும் பாஸ். இரண்டு பேருக்கும் ஒரே காகிதம். அமெரிக்காவிலேயே 'பேப்பர் எம்.சி.எஸ்.ஈ.' என்று கேலிப் பெயர் வந்துவிட்டது. வேலை கொடுப்பவன் என்ன செய்வான்? காகிதத்தை நம்ப முடியாதபோது, "முன்னே எங்கே வேலை பார்த்தாய்?" என்று கேட்கிறான். அனுபவம் கேட்கும் வழக்கம் அவனுடைய கொழுப்பு அல்ல, அவனுடைய பயம்.

இதற்கு விதிவிலக்கும் இருந்தது. சிஸ்கோவின் சி.சி.ஐ.ஈ. என்ற பெரிய பரீட்சை 1993இல் வந்தபோதே, ஆய்வகத்தில் உட்கார்ந்து கருவிகளை இணைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். 1999இல் வந்த ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.ஈ.யும் அப்படித்தான். கெட்டுப்போன மெஷினை முன்னால் வைத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். நம் ஹையர் பரீட்சையின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த மாதிரிச் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு குறையவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் யாருமே உள்ளே நுழையவில்லையா? நுழைந்தார்கள், ஆனால் நோட்டீஸில் போட்ட வாசல் வழியாக இல்லை. சிவகாசி அச்சகங்கள்தான் பல பேருக்கு முதல் நாற்காலியைப் போட்டன. காலண்டர், டைரி, வெடிப்பெட்டி லேபிள் எல்லாம் கையால் வரைந்து ஃபிலிம் எடுத்த காலம் போய், பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் வந்தன. டி.டி.பி. அறையில் உட்கார ஆள் வேண்டும். முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால் அனுபவம் கேட்கவும் தெரியாது! "இந்த முருகர் படத்தை முன்னே கொண்டுவா, பின்னாடி மயிலை வை" என்பார், செய்தால் வேலை. அங்கே இரண்டு காலண்டர் சீசன் இருந்துவிட்டு, பெங்களூரிலும் சென்னையிலும் வலைத்தளம் வடிவமைக்கும் வேலைக்குப் போனவர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். அந்தக் கணக்கப்பிள்ளை மகனும் கடைசியில் ஒரு அச்சகத்தில் நெட்வொர்க் கேபிள் இழுக்கப் போய், அங்கேயிருந்துதான் மேலே போனான்.

பெரிய கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன. சர்டிபிகேட்டையும் நம்புவதில்லை, அனுபவத்தையும் கேட்பதில்லை. காலேஜுக்கே வந்து, கணக்குப் புத்தி இருக்கிறதா என்று ஒரு சோதனை வைத்து அள்ளிக்கொண்டு போய், மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துத் தாங்களே சொல்லிக்கொடுப்பது. விப்ரோ 1995இலேயே பி.எஸ்சி. படித்தவர்களை எடுத்து, வேலையும் கொடுத்து, பிலானி பிட்ஸ் மூலம் மேல்படிப்பும் கொடுத்தது. இன்ஃபோசிஸ் மைசூரில் ஒரு ஊரையே கட்டியது. இது பழைய சிவகாசி முறைதான். பையனின் முதல் தப்புகளின் செலவை முதலாளி ஏற்கிறார். வித்தியாசம் என்னவென்றால், கம்பெனி எந்தக் காலேஜுக்கு வருகிறது என்பது பையன் கையில் இல்லை. வராத காலேஜில் படித்தவன் வெளியே நிற்கிறான். என் மைத்துனர் பேரன் மாதிரி.

அந்த வெளியே நிற்பவர்களைத் தேடிப் போனது ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையம் தாண்டிப் போனால் தென்காசி. ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனிக்கு அப்போது அட்வென்ட்நெட் என்று பெயர், 2009க்குப் பிறகுதான் ஜோஹோ. காலேஜ் மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துவிட்டு, 2004-05 வாக்கில் விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு சொந்தமாக ஒரு பள்ளியை ஆரம்பித்தார்கள். பிளஸ் டூ, டிப்ளமோ படித்த பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கொஞ்ச காலம் வகுப்பு, பிறகு உண்மையான வேலையிலேயே பழக்கம், அப்புறம் உத்தியோகம். 2011இல் தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வந்தது. எச்.சி.எல்.லும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 'டெக்பீ' என்று ஒன்று நடத்துகிறது, மதுரை இலந்தைக்குளத்தில் அவர்களுக்கு வளாகம் இருக்கிறது. எல்லாரையும் எடுக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. வாசலில் ஒரு சோதனை உண்டு, ஆனால் அதில் அனுபவம் கேட்பதில்லை.

நம் ஜனங்களுக்கு அதிகம் தெரியாத இன்னொரு வாசலையும் சொல்லிவிடுகிறேன், கிளார்க் புத்தி, விதியைப் பார்த்தால் விட மனசு வராது. அப்ரென்டிஸ் சட்டத்தை 2014இல் திருத்தி, பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்களும் பழகுநர் ஆகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். 2019 விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்தாக வேண்டும். ஐ.டி. கம்பெனியும் இதில் அடக்கம். பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. 'நேட்ஸ்' என்ற இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒரு வருஷம் முடிந்ததும் அரசு முத்திரையோடு தேர்ச்சிச் சான்று தருவார்கள். உதவித்தொகை குறைவு என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் 'அனுபவம்' என்ற கட்டத்தில் எழுதக்கூடிய வருஷம். மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டமும் 2022 மார்ச்சிலிருந்து காலேஜ்களில் நடக்கிறது. அதில் படிப்போடு நிறுத்தாமல் இன்டர்ன்ஷிப் வரை போகிற பிள்ளைக்குத்தான் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் நம் ஊருக்கு ஏன் அவசரம் என்று கேட்டால், 2012 செப்டம்பர் 5ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். முதலிப்பட்டியில் அன்று கிட்டத்தட்ட நாற்பது உயிர். 2018இல் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை வந்த பிறகு எத்தனை ஆலையில் எத்தனை நாள் வேலை என்பதே நிச்சயமில்லை. தகப்பன் தொழிலுக்குத் திரும்பிப் போகலாம் என்ற கடைசித் துணிகூட இந்தப் பிள்ளைகளுக்குக் கிழிந்துவிட்டது.

திருத்தங்கல் பக்கம் ஒரு பெண். அப்பா கிடையாது, அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. பி.சி.ஏ. முடித்து இரண்டு சர்டிபிகேட் வைத்திருந்தாள், இருபது இடத்துக்கு விண்ணப்பித்து ஒரு பதிலும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டாசு யூனிட். மருந்து இருப்பு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு எடுத்தார்கள், செய்த சரக்கு எத்தனை பெட்டி என்று தினமும் பதிவேடு எழுத வேண்டும். அதிகாரி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே இருந்த கணக்குப்பிள்ளைக்குக் கண் புரை. இந்தப் பெண் போய், காசு வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பு போனால் சிவப்பாகக் காட்டும்படி செய்திருந்தாளாம். மூன்று மாதம் தினமும் சாயங்காலம் போய், அவர்கள் சொல்லும் குறையைத் திருத்தினாள். மதுரையில் ஒரு நடுத்தரக் கம்பெனி இன்டர்வியூவில் இதைச் சொன்னபோது, சர்டிபிகேட் ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டார்கள். இருப்பு எப்படிக் கணக்காகிறது, கரன்ட் போனால் என்ன ஆகும், கணக்குப்பிள்ளை தப்பாக எண் போட்டால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று ஒரு மணி நேரம் அதையே கேட்டார்களாம்.

இப்போது அங்கேதான் வேலை. தீபாவளி சீசனில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால், அந்த யூனிட்டுக்குப் போய்ப் பதிவேட்டை ஒரு தடவை பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இப்போது காசு வாங்கிக்கொள்கிறாள்.